கன்னியாவில் நீந்த முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் இதழில் வெளிவந்த திருகோணமலைச் சுற்றுலாக் கட்டுரையில் கன்னியாவுக்கு ஒரேயொரு வரி ஒதுக்கியிருந்தீர்கள்: "குடும்பத்தோடு குதூகலமாக நீந்தி மகிழ ஏற்ற வெந்நீர்க் குளம்." அதை வாசித்த பிறகு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கன்னியாவில் குளம் இல்லை. கட்டுக் கட்டிய சிறிய கிணறுகள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளித்தான் வார்க்க வேண்டும். நகரிலிருந்து அநுராதபுர வீதியால் சுமார் 8 கிலோமீற்றர் போய் ஒருமுறை பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தை ஏழு இடங்களில் குத்தி வரவழைத்த நீர் அது என்பது எங்கள் நம்பிக்கை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு நாங்கள் அங்கே போவது தாங்கள் அறியாததல்ல. 2014இல் அம்மாவின் முப்பத்தோராம் நாள் நானும் தம்பியும் ஈர வேட்டியோடு கிணற்றடியில் நின்றோம். கைத்தொலைபேசியோடு வந்த ஓர் இளைஞர், கிணறு படத்தில் விழவில்லை, சற்று விலகி நில்லுங்கள் என்றார். விலகினோம். தம்பியின் உள்ளங்கையில் எள் அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளை மீது எனக்குக் கோபமில்லை. அது எத்தகைய இடமென்று யாரும் அவருக்கு எழுதிக் காட்டவில்லை. அது பத்திரிகையின் வேலை, ஐயா.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலையைக் கட்டுரை முழுவதும் 'பிஜன் ஐலண்ட்' என்றே எழுதியிருக்கிறீர்கள். மாடப்புறாக்களால் வந்த பெயர், தமிழ்ப் பத்திரிகையில் தமிழில் வரக் கூடாதா? 2003இல் தேசியப் பூங்காவான அந்தத் தீவில் முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் ஏறி நிற்காதீர்கள் என்று ஒரு வரி எழுதவும் இடம் இல்லாமல் போய்விட்டது. போன வைகாசியில் பேரப்பிள்ளைகளோடு போனபோது ஒருவர் முறித்த கொப்பைப் பைக்குள் வைத்ததைக் கண்டேன். வள்ளக்காரர்தான் அதை வாங்கித் திரும்பக் கடலில் போட்டார்.

மார்கழியில் நிலாவெளியில் குளிக்கலாம் என்று சில வருடங்களுக்கு முன் எழுதினீர்கள். வாடைக்கு அந்தக் கடல் எப்படிப் பொங்கும் என்று கடிதம் போட்டேன். அது வெளிவரவில்லை.

கோணேசர் கோயிலுக்கோ 'கோட்டைக்குள் மான்கள், உச்சியில் அழகிய காட்சி' என்பதோடு சரி. சம்பந்தர் பாடிய தலம் என்ற ஒரு சொல் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு அந்த இடத்தில் கோட்டை எழுப்பியதும் இல்லை. என் அப்பா கோட்டை வாசலைக் கடக்கும்போதெல்லாம் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சுவரை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று சிறு வயதில் கேட்டேன். "கல் கோயிலுடையது" என்றார். இன்று என் பேரன் அந்த வாசலில் மான்கள் பொலித்தீன் தின்பதைத்தான் பார்க்கிறான்.

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போடுங்கள். கன்னியாவில் இருப்பவை கிணறுகள். அங்கே ஈரத் துணியோடு யாராவது நின்றால், அவர்கள் காரியம் முடியும்வரை படம் எடுக்காமல் காத்திருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.