கிராஞ்சியில் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் என் இளைய பேரனைக் கிராஞ்சிப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். ஈசூனில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கிராஞ்சி நிலையத்தை எத்தனையோ முறை ரயிலில் கடந்திருக்கிறேன். இதற்காக இறங்கியது இதுவே முதல் தடவை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சாலையோரமாகக் கால் மணி நேர நடை. காலை எட்டு மணிக்குப் புல்லின் ஈரம் இன்னும் காயவில்லை. மேட்டுச் சரிவில் 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள், எல்லாம் ஒரே அளவான வெள்ளைக் கற்கள். படைப்பிரிவின் சின்னம், பெயர், இறந்த நாள், வயது. சில கற்களின் அடியில் பெற்றவர்களோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரி. 850-க்கும் அதிகமானோரின் கற்களில் பெயரே இல்லை. பேரன் வயதுகளை மட்டும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தான். ஒரு கல்லின் முன் நின்று, "அண்ணனுக்கும் பத்தொன்பதுதானே, பாட்டி?" என்றான். மூத்தவன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

1942 பிப்ரவரி 9 இரவு ஜப்பானியப் படை இந்தக் கிராஞ்சிக் கரையில்தான் இறங்கியது. 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் போர்க்கைதிகள் தங்கள் தோழர்களைப் புதைத்த சிறு இடம்தான் இன்று இத்தனை பெரிய தோட்டமாகியிருக்கிறது.

மேட்டின் உச்சியில், விமானச் சிறகு போன்ற கூரையுடன், 1957-இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் நிற்கிறது. அதன் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். கல்லறை என்று ஒன்று அறியப்படாதவர்கள் இவர்கள். தோழர்களுக்குக் கிடைத்த ஈமச்சடங்கு இவர்களுக்கு வாய்க்கவில்லை என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இந்தியப் படையினரின் பெயர்கள் ஏராளம்: டோக்ரா, கட்வால், பஞ்சாப், பலூச் படைப்பிரிவுகள், சிங், கான், ராம் என்று முடியும் பெயர்கள். முதலில் நான் தமிழ்ப் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடினேன். இரண்டு தூண்கள் கடந்ததும் அந்தத் தேடல் எனக்கே சிறுமையாகப் பட்டது. கண்ணில் பட்ட பெயர்களையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

சொல்ல வந்தது இனிமேல்தான். அந்தச் சின்னத்துக்கு நேர் பின்னால் தகன நினைவிடம் ஒன்று இருக்கிறது. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. பெரும்பாலோர் இந்தியப் படையினர். எரித்தவர்களுக்கு ஏது கல்லறை? சரிவில் வரிசையாக நிற்கும் கற்களில் இவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. நாங்கள் அங்கிருந்தபோது ஒரு மாணவர் குழு வந்தது. முன்பக்கப் படிகளில் படம் எடுத்துக்கொண்டு, விளக்கம் கேட்டுவிட்டு, அப்படியே இறங்கிப் போய்விட்டது. பிள்ளைகள் மேல் குறையில்லை. பின்னால் வாருங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களும் வழிகாட்டிகளும் இன்னும் சில நிமிடங்கள் ஒதுக்கிப் பின்பக்கமும் கூட்டிச்செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் தமிழ் அமைப்புகளும் நவம்பர் மாத நினைவு ஞாயிறன்று அங்கே ஒரு மாலை வைக்கலாம். ஊரில் காத்திருந்த தாயும் மனைவியும் இங்கே வந்து பார்த்திருக்க வழியில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நாம்தான். தாய் தந்தை, உறவு என்று யாரும் இல்லாமல் போனவர்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்யும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ளலாமே.

வரும் ஆடி அமாவாசையன்று நானும் பேரனும் மறுபடியும் போகிறோம். அன்று அவன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தது பதினான்கு பெயர்கள். மற்றவற்றையும் எழுத வேண்டும் என்கிறான்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி,
சிங்கப்பூர்