தலைகளை எண்ணுங்கள்: காட்டுப்பாதை ஓட்டத்தின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ஆடி மாதம் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் தொடங்கி, கன்னியாக் காட்டோரத்தைச் சுற்றி, உப்புவெளிக் கடற்கரையில் முடிந்த 50 கிலோமீற்றர் ஓட்டத்தில் என்ன நடந்தது என்பதை எங்களைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். வழி தவறி, கால் பிசகி, பொழுது சாயும் நேரத்தில் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த ஓட்டக்காரரின் படத்தை முகநூலில் போட்டு, "மனவலிமைக்கு மறுபெயர்" என்று எழுதினீர்கள். அவருக்கு அந்தப் பாராட்டு தகும். அதைப் பகிரும் தகுதி உங்களுக்கு உண்டா என்பதுதான் எங்கள் சந்தேகம்.

ஏனென்றால் அவர் மூன்றாவது செக்பொயின்டை விட்டுப் போனது காலை 10.50க்கு. நான்காவதுக்கு வந்தது பிற்பகல் 2.30க்கு. இடையில் உள்ள தூரம் 9 கிலோமீற்றர். நீங்களே விதித்த 10 மணித்தியால எல்லைப்படி பார்த்தால், ஆகக் கடைசியாக வருபவருக்கும் கிலோமீற்றருக்கு 12 நிமிடம். அந்தத் துண்டுக்கு 1 மணி 48 நிமிடம். பிற்பகல் ஒரு மணி ஆகியும் வராத ஒருவரை 2.30 வரை யாரும் தேடவில்லை. தேட மனமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் வரவில்லை என்பதே ஒருவருக்கும் தெரியாது. நேரத்தைக்கூட அவருடைய கைக்கடிகாரப் பதிவில் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு செக்பொயின்டிலும் தலைகளை எண்ணுங்கள்.

"கடைசியில் ஸ்வீப்பர் வந்தாரே" என்று, எல்லோருக்கும் பின்னால் வரும் உங்கள் ஆளைப் பற்றி உங்கள் தரப்பில் ஒருவர் சொன்னதாக அறிந்தோம். ஸ்வீப்பர் வருவது சரியான பாதையில். தொலைந்தவர் நிற்பது பிழையான பாதையில். இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். எல்லோரும் தனக்கு முன்னால் போய்விட்டார்கள் என்று நம்பியபடி ஸ்வீப்பர் வந்து சேருவார். அவர் வந்ததைக் கண்டு நீங்களும் கூடாரத்தைக் கழற்றுவீர்கள். அன்று நடந்தது இதுதான். தொலைந்தவரைக் காட்டிக்கொடுப்பது கணக்கு மட்டுமே. மூன்றாவது செக்பொயின்டைக் கடந்தவர் 64, நான்காவதுக்கு வந்தவர் 63 என்றால் ஒருவர் காட்டுக்குள் நிற்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு நேரம் பதியும் சிப் வேண்டாம், செயலி வேண்டாம். இடத்துக்கு ஒரு சி.ஆர். கொப்பி, இரண்டு பேனை, இரண்டு பேர். ஒருவர் இலக்க அட்டையைப் பார்த்து உரக்கச் சொல்ல, மற்றவர் இலக்கத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும். தண்ணீர் ஊற்றுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. நாலு பேர் சேர்ந்து வந்தால் அவர் கை போத்தலில்தான் இருக்கும். எண்ணிக்கை தொடங்க வேண்டியது பதிவுப் பட்டியலில் அல்ல, தொடக்கக் கோட்டில். காசு கட்டிவிட்டு வராதவர்களும் பட்டியலில் இருப்பார்கள். பாதியில் விலகி ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறவரின் இலக்க அட்டையைக் கையில் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குளித்துவிட்டுத் தூங்குகிறவரை நீங்கள் காட்டில் தேடுவீர்கள். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து கணக்கைக் கொண்டுவர ஒரு மோட்டார் சைக்கிள் போதும். ஸ்வீப்பர் வந்தபின் அந்த இடத்துக் கொப்பியும் முந்தைய இடத்துக் கொப்பியும் ஒத்துப்போகும்வரை எந்த இடத்தையும் மூடாதீர்கள்.

இந்த ஊரில் செக்பொயின்ட் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்த யுத்தகாலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது ஒருவர் கடந்தால் அடையாள அட்டை இலக்கம் கொப்பியில் ஏறும். எண்ணுவது எப்படி என்று திருகோணமலையில் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இனி அந்த ஓட்டக்காரர் எங்கே வழி தவறினார் என்பது. 31ஆவது கிலோமீற்றர் தாண்டி உழவு இயந்திரத் தடம் இரண்டாகப் பிரிகிறது. அகலமானது நேரே போகிறது. உங்கள் பாதை இடப்பக்கம் பற்றைக்குள் போகும் மாட்டுப்பாதை. களைத்த கால் அகலமான தடத்தில்தான் போகும். இப்படிப்பட்ட சந்தியில் வழிகாட்டும் ரிப்பன் ஒன்று போதாது. சந்திக்கு முன்னால் ஒன்று, திரும்பும் பக்கத்தில் இரண்டு, திரும்பிய 20 மீற்றருக்குள் உறுதிக்கு இன்னொன்று, பிழையான தடத்தின் வாயில் குறுக்கே சுண்ணாம்புக் கோடு. அங்கே இருந்தது ஒரே ஒரு சிவப்பு ரிப்பன், அதுவும் பழுத்த இலைகளுக்கு நடுவே. மாடு தின்றுவிட்டது என்கிறீர்கள். மாடு தின்னும்தான். நகரத்து மான்களே பிளாஸ்டிக் தின்னும் ஊர் இது. அதனால்தான் எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும், ஓட்டத்தன்று விடியற்காலை ஒருவர் முழுப் பாதையையும் சுற்றிவந்து அறுந்தவற்றை மாற்ற வேண்டும். இத்தனை மீற்றருக்கு ஒரு ரிப்பன் என்று முன்கூட்டியே அறிவித்தால்தான், 300 மீற்றர் வரை ஒன்றும் காணாதவர் தானாகத் திரும்புவார். "எல்லா இடமும் ரிப்பன் இருக்கும்" என்ற உங்கள் விளக்கவுரையை வைத்துக்கொண்டு எவரும் எதையும் தீர்மானிக்க முடியாது.

அந்த அகலத் தடம் போய் முடிவது வற்றிய குளத்தில். மாரியில் சேற்றில் பதிந்த யானைக் கால்தடங்கள் கோடையில் சீமெந்துபோல் இறுகிக் கிடக்கும். விளிம்பு கூர்மை, மேலே காய்ந்த புல் மூடியிருக்கும். அதில் ஒன்றுக்குள்தான் அவருடைய கால் இறங்கி உட்பக்கமாக மடிந்தது. கச்சான் காற்று அனலாய் வீசும் மதியம். கையில் இருந்தது ஒரு லீற்றர் தண்ணீர். அந்த வெயிலில் ஓடுபவருக்கு மணிக்கு ஒரு லீற்றரோ அதற்கு மேலோ வியர்வையாகவே போய்விடலாம். அவர் இருந்ததோ 3 மணி 40 நிமிடம்.

நான்காவது செக்பொயின்டில் உங்கள் தொண்டர் செய்தது: சப்பாத்தைக் கழற்றாமலே வலி நீக்கி ஸ்பிரே, ஒரு டைக்ளோபெனாக் வலிக்குளிசை, "இன்னும் 12 கிலோமீற்றர்தான் அண்ணை". அந்தப் பிள்ளையில் பிழை சொல்ல மாட்டோம், அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. கணுக்கால் எலும்பின் நுனியையும் பின்விளிம்பையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நாலு அடி எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். அழுத்தும்போது எலும்பில் வலித்தாலோ, நாலடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்கும்வரை ஓட்டம் முடிந்தது. நீர் வற்றிய உடம்புக்கு டைக்ளோபெனாக் கொடுப்பது சிறுநீரகத்தோடு விளையாடுவது. நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அரை லீற்றர் போத்தலில் முழுப் பைக்கற்றையும் கொட்டிக் கொடுத்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த இடம் தார் வீதியோரம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தவிர, நேர எல்லைக்கு அப்போது 70 நிமிடந்தான் மிச்சம். நொண்டிக்கொண்டு 12 கிலோமீற்றர் அந்த நேரத்துக்குள் நடக்காது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். நிறுத்தியிருக்க வேண்டும்.

அவர் கடற்கரைக்கு வந்தது 5.35க்கு. முடிவு வளைவின் காற்றை இறக்கி மடித்துக்கொண்டிருந்தீர்கள். படம் எடுப்பதற்காக அதை மறுபடி ஊதினீர்கள் என்று கேள்விப்பட்டோம், பொய்யாக இருக்கட்டும்.

சொல்லப்போனால் அன்றைய தாமதம் விடியலிலேயே தொடங்கிவிட்டது. 5 மணி ஓட்டம் 5.40க்குத் தொடங்கியது, பிரதம அதிதி வரவில்லை என்பதால். அவர் வந்து, விளக்கேற்றி, உடல்நலத்தின் அருமையைப் பற்றிப் பேசிவிட்டு வாகனத்தில் போனார். அந்த 40 நிமிடத்தையும் ஓட்டக்காரர்கள் நடுமதிய வெயிலில் திருப்பிக் கட்டினார்கள். ட்ரோன் இருந்தது, மேடை இருந்தது, ஆளுக்கு ஒரு ரீசேட் இருந்தது, அனுசரணையாளர் பெயர் முன்னால் ஆறும் பின்னால் எட்டும் இருந்தன. கொப்பி இல்லை.

கோபத்தில் எழுதியது கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இப்படியொரு ஓட்டத்தை நடத்துவது லேசான காரியமல்ல. பாதையை முதலில் கண்டுபிடித்தவர்களும் நீங்கள்தான். அது நின்றுபோக வேண்டும் என்று எங்களில் ஒருவரும் விரும்பவில்லை. ஆகவே பணிவாகவே மறுபடி கேட்கிறோம்: தயவுசெய்து எண்ணுங்கள். தொடக்கத்தில் எண்ணுங்கள், ஒவ்வொரு செக்பொயின்டிலும் எண்ணுங்கள், கணக்கு ஒத்துவரும்வரை வீட்டுக்குப் போகாதீர்கள். கொப்பிகளை நாங்கள் வாங்கித் தருகிறோம், எழுத ஆட்களையும் தருகிறோம்.

அடுத்த ஓட்டத்துக்குப் பதிவு தொடங்குமுன், அன்று மூன்றாம் நான்காம் இடங்களில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதியொன்றை வெளியிடுங்கள். எழுதவே இல்லையென்றால், இல்லை என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
திருகோணமலையில் ஓடுபவர்கள் சிலர்