இடது முன் சக்கரம்

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

ஜோகூர் பாருவில் எல்லோரும் நலமா? நீ அனுப்பிய பேத்தி படத்தைப் பார்த்தேன். மூக்கு அப்படியே மாமாவுடையது. இந்த மாதம் முழுக்க வேறொரு காரணத்தாலும் அவர் நினைப்பாகவே இருந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கண் ஆபரேஷனுக்காக என் பழைய சாகா காரை இரண்டு மாதம் மாமரத்தடியில் சும்மா போட்டிருந்தேன். டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன வாரமே ஈப்போ போய்விட்டுப் பழைய ரோட்டில் திரும்பினேன். செமோர் தாண்டியதும் கார் இடப்பக்கமாக இழுத்தது. எண்ணெய் பெடலை மிதித்தாலும் யாரோ பின்னால் பிடித்துக்கொண்டது போல மந்தம். வீட்டு வாசலில் இறங்கினால் கருகல் நாற்றம். தோட்டத்து வொர்க்ஷாப்பில் ரப்பர் பால் ஏற்றும் லோரி வந்து நின்றதும் மாமா என்ன செய்வார்? நான்கு ரிம்மிலும் இரண்டு சொட்டு தண்ணீர் தெளிப்பார். நானும் தெளித்தேன். மூன்று ரிம்மும் சும்மா இருந்தன, இடது முன் ரிம் தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது.

ஜேக் போட்டுத் தூக்கினால் சக்கரம் கையால் சுற்றவில்லை. மறுநாள் காலையில் தானாகவே லேசாகச் சுற்றியது! சும்மா நின்ற வண்டிதானே, பிரேக் கட்டையை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். 120 வெள்ளிக்கு ரீகண்டிஷன் கேலிப்பர் வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது மறுபடியும் அதே நாற்றம். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் மாமாவின் குரல் கேட்டது: "பாகத்தைக் கழட்டுறதுக்கு முன்னே நிப்பிளைத் திறடா." சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கேலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிளை, அதாவது காற்று எடுக்கும் சின்னத் திருகை, அரைச் சுற்று தளர்த்த வேண்டும். பிரேக் எண்ணெய் பீச்சி அடித்துச் சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். திறந்த பிறகும் இறுகியே இருந்தால்தான் பிஸ்டனோ, கேலிப்பர் நகரும் பின்னோ மாட்டியிருக்கிறது. எனக்கு எண்ணெய் முகத்திலேயே அடித்தது, சக்கரம் உடனே விட்டது. கேலிப்பர் பாவம், அது குற்றவாளியே இல்லை.

சரி, எங்கே அடைப்பு? வீட்டுக்காரியை பிரேக்கை மிதித்து விடச் சொல்லி, சக்கரம் மறுபடி பிடித்ததும், ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் மேல் மூட்டைத் தளர்த்தினேன். சக்கரம் விடவில்லை. கீழே நிப்பிளைத் திறந்ததும் விட்டது. ஆக, ஹோஸ்தான். பெடல் மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் பம்ப்பில் கோளாறு என்றால் மேல் மூட்டைத் தளர்த்தும்போதே விட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு சக்கரத்தோடும் நிற்காது.

பழைய ஹோஸைக் கத்தியால் நெடுக வெட்டிப் பார்த்தேன் மச்சான். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, ஊசி நுழையும் அளவுதான் வழி. நாம் மிதிக்கும் பலத்தில் எண்ணெய் எப்படியோ அதைத் தாண்டிப் போய்விடுகிறது. திரும்பும்போதுதான் சிக்கல். டிரம் பிரேக்கில் இருக்கிற மாதிரி இந்த டிஸ்க் பிரேக்கில் இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீல் கொஞ்சம் முறுக்கி, பிறகு நேராகும் அந்த மயிரிழை அசைவுதான் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. அடைப்பைத் தள்ள அதற்குச் சக்தி ஏது? இரவெல்லாம் மெல்ல மெல்லக் கசிந்து வடிந்ததால்தான் காலையில் சக்கரம் நல்ல பிள்ளையாகச் சுற்றியிருக்கிறது.

ஹோஸ் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். இவள் மிதிக்க, நான் திறக்க, "அமுக்கு", "விடாதே", "இப்ப விடு" என்று ஒரு மணி நேரம் தாமான் குடியிருப்புக்கே கேட்க, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்தோம். பழைய எண்ணெய் பால் விடாத தே ஓ நிறத்தில் வந்தது. எத்தனை வருடமாக மாற்றாமல் விட்டேனோ. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று உனக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்! சிந்திய இடத்தில் மட்கார்டு சாயமும் கொஞ்சம் போய்விட்டது. உடனே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

போன வாரம் பழைய தோட்டப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன், இழுப்பே இல்லை. வொர்க்ஷாப் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை, செம்பனை மூடிவிட்டது. சிமெண்டுக் குழி மட்டும் மழைத்தண்ணீரோடு கிடக்கிறது.

அப்புறம், போன முறை வந்தபோது உன் காரின் பின் சக்கரம் முனகியதே, அதைப் பார்த்தாயா? ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் இறுக்கமாக இருந்தால், சக்கரத்துப் பக்க முனையில் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திப் பார். சக்கரம் விட்டால் கோளாறு கேபிளில்தான். கேலிப்பர் வாங்க ஓடாதே.

தீபாவளிக்குக் காரிலேயே வா, இங்கேயே பார்த்துவிடலாம். நிப்பிளைத் திறந்தது மாமாவின் சின்ன ரிங் ஸ்பேனரால்தான். வொர்க்ஷாப் மூடிய அன்று எடுத்து வந்தேன், உன்னிடம் சொல்லவே இல்லை. வந்தால் கொண்டுபோ.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரன்