அண்ணாச்சி பாதியில் எழுந்துபோன படம்

செங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். புனலூரிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பின் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே ஒரு வாரமாக ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெளியே போக வழியில்லாமல், சென்ற முறை தாங்கள் என் வீட்டில் இருபதாவது நிமிடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு எழுந்துபோன ‘தி டூரிஸ்ட்’ படத்தை மறுபடியும், அதுவும் இரண்டு முறை பார்த்தேன். தாங்களும் அதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை ஒரு நாடக ஆசிரியரின் வீட்டை ஒட்டுக்கேட்பதை வைத்து ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ என்ற படத்தை எடுத்து ஆஸ்கர் விருதும் வாங்கிய இயக்குநர், அடுத்த படத்தில் ஏஞ்சலினா ஜோலியின் கையுறையையும் நடையையும் படம்பிடித்துக்கொண்டிருந்ததைத் தங்களால் பொறுக்க முடியவில்லை. கதையும் சொந்தமில்லை, 2005இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் தழுவல். 2010 டிசம்பரில் இது வெளியானபோது விமர்சகர்களும் தங்களைப் போலவே வறுத்தெடுத்தார்கள். கோல்டன் குளோப் விருதுக்கு இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் மூன்று பரிந்துரைகள் கிடைத்தபோது, சிரிப்பே வராத படத்துக்கு நகைச்சுவைப் பிரிவா என்று அதையே ஒரு நகைச்சுவையாக்கினார்கள். ஆனாலும் 27 கோடி டாலருக்கு மேல் வசூலானது, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தது. வசூல் தரத்துக்குச் சாட்சியாகாது என்று தாங்கள் சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

என் வாதம் வேறு. உளவுப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் இது ஏமாற்றும். ரயிலில் தொடங்கும் பழைய காலத்துக் காதல் கதை என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றாது. பாரிஸின் ஓர் உணவகத்தில், ஜோலி நடிக்கும் பெண்ணுக்கு, போலீஸ் தேடும் அவள் காதலனிடமிருந்து கடிதம் வருகிறது. வெனிஸ் போகும் ரயிலில் ஏறு, என்னைப் போன்ற உடல்வாகுள்ள ஒருவனைத் தேர்ந்தெடு, அவன்தான் நான் என்று போலீசை நம்பவை என்கிறது கடிதம். அவள் அதைப் படித்துவிட்டு எரிக்கிறாள். ரயிலில் அகப்படுபவன் (ஜானி டெப்) அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த கணக்கு வாத்தியார், புகைக்குப் பதிலாக மின்சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டிருக்கும் அப்பாவி. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் தாங்கள் எழுந்துபோனீர்கள்.

நாம் எத்தனை முறை செங்கோட்டையிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் புனலூருக்குப் போயிருப்போம்! பகவதிபுரம் தாண்டி, குகை தாண்டி, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் அந்த வண்டி ஊர்ந்து போகும்போது, வேகம் போதவில்லை என்று நாம் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர் தென்மலை வருவதற்குள் பாதி உறவாகிவிடுவார். அந்த வண்டி நின்றது 2010 செப்டம்பரில். மூன்றே மாதம் கழித்து வந்த இந்தப் படத்தில் எனக்குக் கிடைத்தது அந்தப் பயணம்தான் போலிருக்கிறது. ஊர்ந்து போகிறது என்று விமர்சகர்கள் எதைக் குற்றமாகச் சொன்னார்களோ அதற்காகவேதான் நான் இதைப் பார்க்கிறேன்.

குறை இல்லை என்று சாதிக்கமாட்டேன். கால்வாயில் நடக்கும் படகுத் துரத்தலில், ஒரு படகு இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் வேகத்தில் துரத்துபவன் கொட்டாவி விடலாம். இரண்டு படங்களில் ஜேம்ஸ் பாண்டாக வந்த டிமோதி டால்டனை அழைத்துவந்து உயரதிகாரியாக நிறுத்திவைத்து வீணடித்திருக்கிறார்கள். ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று கொண்டாடி வளர்ந்த நமக்கு அந்தச் சண்டைகள் எம்மாத்திரம்? ஆனால் பைஜாமாவோடு ஓட்டுக் கூரைகளின் மேல் ஓடிக் கடைசியில் சந்தைக்குள் விழுந்து, ஒரு போலீஸ்காரரையும் கால்வாயில் தள்ளிவிடும் அந்தக் கணக்கு வாத்தியாரைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். இத்தாலியர்களிடம் அவன் ஸ்பானிய மொழியில் பேசுவதும் அப்படித்தான்.

ஜானி டெப் தூங்கிவழிந்தார் என்பது பெரிய குற்றச்சாட்டு. முதல்முறை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி படிகளைப் படித்தால், தேவையில்லாமல் எழுதியதாகத் தோன்றிய வரி ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும் அல்லவா? அவருடைய தயக்கங்கள் இரண்டாம் முறை அப்படித்தான் புரிந்தன. அந்த முடிவு நியாயமா என்றால், இல்லை. இரண்டாம் முறையும் அதை நான் முழுதாக நம்பவில்லை. அதைத் தங்களோடு உட்கார்ந்து சண்டை போட வேண்டும்.

அடுத்த வாரம் சாரல் நிற்காது என்கிறார்கள். ரயிலிலேயே வாருங்கள், அகலப் பாதையானாலும் பாலம் அதேதான். வீட்டில் தங்கள் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, வழியில் முறுக்குத் தட்டோடு நான் உட்காரப்போகிறேன். இருபதாவது நிமிடத்தில் எப்படி எழுந்து போகிறீர்கள் என்று பார்க்கலாம்.

தங்கள் அன்புள்ள
தம்பி