கண்ணாடிக்கு ரசீது இருக்கிறது, கேமராவுக்கு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் கார்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் பேட்டரியின் ஆயுள், ஒரு சார்ஜில் ஓடும் தூரம், சார்ஜிங் நிலையங்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அந்தக் காரை வாங்கியவருக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் உள்ள பேட்டரியால் உடனடித் தொல்லை எதுவும் வருவதில்லை. ஆனால், தார்ப்பாய் போர்த்தாமல் ஜல்லி ஏற்றிக்கொண்டு, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் விரையும் ஒரு டிப்பர் லாரியின் பின்னால் சென்றால், முன்கண்ணாடியில் விரிசல் விழுவதற்கு ஒரு நொடி போதும். அந்தக் கண்ணாடியை மாற்றி, அதில் ஒட்டியிருக்கும் கேமராவைச் சரிசெய்யும் வேலையில் இன்று நிலவும் தெளிவின்மையைப் பற்றியே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பாலிடெக்னிக் கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யாருடைய காரில் கண்ணாடி உடைந்தாலும் எஸ்டிமேட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் கையெழுத்திடுகிறார்கள். அந்தத் தாள்களைப் படித்த அனுபவமே இதற்கு அடிப்படை.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. கல் பட்டால் அது விரிசல் விடுமே தவிர, பக்கக் கண்ணாடியைப் போலத் துகள்துகளாகச் சிதறாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி முன்கண்ணாடி இந்த வகையில்தான் இருக்க வேண்டும் என்றும், அதன் வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்றும் சொல்கிறது. கார் கவிழும்போது கூரை நசுங்காமல் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் முன் பயணியின் ஏர்பேக் விரியும்போது முதுகு சாய்த்துக்கொள்வதும் இதே கண்ணாடியின் மீதுதான். எனவே, கண்ணாடியைக் காரின் உடற்சட்டத்தோடு பிணைக்கும் யூரித்தேன் பசை முழுமையாக இறுகுவதற்கு முன் காரை எடுத்துக்கொண்டு போவது ஆபத்து என்பது பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் பொதுவான விதி. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பசையின் வகைக்கும் அன்றைய வெப்பம், ஈரப்பதத்துக்கும் ஏற்ப மாறும். பசை தயாரித்தவர் குறித்துக் கொடுத்திருக்கும் நேரத்தைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை.

மின்சாரக் காரில் இதற்கு மேலும் சில அடுக்குகள் சேருகின்றன. எஞ்சின் இரைச்சல் இல்லாத வண்டியில் காற்றின் ஓசையும் டயரின் ஓசையும் தனித்துக் கேட்கும் என்பதால், ஒலியை உறிஞ்சும் சிறப்புப் படலம் கொண்ட கண்ணாடியைப் பல நிறுவனங்கள் பொருத்துகின்றன. ஏ.சி.யும் சக்கரமும் ஒரே பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதால், வெயிலின் வெப்பக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி சிறிதளவாவது ஓடும் தூரத்தைக் காப்பாற்றும். காற்றைக் கிழித்துச் செல்ல வசதியாகச் சாய்வாகவும் அகலமாகவும் வடிவமைக்கப்படுவதால் கண்ணாடியின் பரப்பும் கூடுகிறது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ போன்ற கார்களின் உயர் வகைகளில், வேகமும் வழியும் கண்ணாடியிலேயே தெரியும் ஹெட்அப் டிஸ்ப்ளே இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் உள்பரப்பும் வெளிப்பரப்பும் தனித்தனியே ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால் எழுத்து இரட்டையாகத் தெரியும். அதைத் தவிர்ப்பதற்காகவே இத்தகைய கண்ணாடிகளின் நடுப்படலம் பெரும்பாலும் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் ஆப்பு வடிவில் செய்யப்படுகிறது. வெளித்தோற்றத்தில் அதே அளவும் அதே வளைவும் உள்ள ‘லோக்கல்’ கண்ணாடியைப் பொருத்தினால், காரை இருட்டில் ஓட்டிப் பார்க்கும் முதல் இரவில்தான் குட்டு வெளிப்படும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கக் காருக்குள் இருக்கும் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உச்சியில் ஒட்டியிருக்கும் சிறிய கேமரா. சென்னைக்கு அருகே தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் முதல் பி.ஒய்.டி. அட்டோ 3 வரை, ‘அடாஸ்’ என்று விளம்பரப்படுத்தப்படும் பாதுகாப்பு உதவிகள் உள்ள கார்களில், தடக்கோட்டை அறிவதும் முன்னே செல்லும் வண்டியையும் குறுக்கே வரும் மனிதரையும் அடையாளம் காண்பதும் பெரும்பாலும் இந்தக் கேமராவை நம்பியே நடக்கின்றன. அது பார்ப்பது இந்தக் கண்ணாடியின் வழியாகத்தான். புதிய கண்ணாடியில் கேமராவைத் தாங்கும் பிடிப்பான் இம்மியளவு சாய்ந்திருந்தாலும், அந்த இடத்தில் கண்ணாடியின் வளைவு சற்றே மாறியிருந்தாலும், கேமராவின் பார்வைக் கோடு திரும்பிவிடும். கணக்கு எளியது. ஒரு பாகை விலகல், 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகலாகிறது. நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். அதாவது, பக்கத்துத் தடத்தில் செல்லும் லாரியைத் தன் தடத்தில் இருப்பதாகக் கருதி கார் திடீரென்று பிரேக் போடலாம். தன் தடத்தில் நிற்கும் லாரியைக் கவனிக்காமலும் போகலாம்.

இதைச் சரிசெய்யும் வேலைக்குத்தான் காலிபரேஷன் என்று பெயர். இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, மேடுபள்ளமில்லாத தரையில் காரை நிறுத்தி, டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, காரின் நடுக்கோட்டிலிருந்து அளந்த தூரத்தில், அளந்த உயரத்தில் இலக்குப் பலகையை வைத்து, கணினி வழியே கேமராவுக்கு நேர்க்கோட்டைக் காட்டுவது. மற்றொன்று, கருவியை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் சென்று கேமராவைக் கற்க வைப்பது. சில கார்களுக்கு முதல் முறை, சிலவற்றுக்கு இரண்டாவது, இன்னும் சிலவற்றுக்கு இரண்டுமே தேவை. டெஸ்லா போன்ற சில கார்களில் கேமரா தானாகவே சில பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். (தடக்கோடுகள் தேய்ந்துபோன நம் புறநகர்ச் சாலைகளில் இரண்டாவது முறையை எங்கே செய்து முடிக்கிறார்கள் என்பதை நெடுஞ்சாலைத் துறையினரிடம்தான் கேட்க வேண்டும்.)

நான் பார்த்த எஸ்டிமேட் தாள்களில் பெரும்பாலானவற்றில் கண்ணாடியின் விலை, ரப்பர் பீடிங், பசை, கூலி, ஜி.எஸ்.டி. வரி ஆகியவை வரிவரியாக இருக்கும். காலிபரேஷன் என்ற சொல் இருக்காது. அண்மையில் என் தெருவில் ஒருவர், தாம் கார் வாங்கிய டீலரின் சர்வீஸ் சென்டரில் இதைக் கேட்டபோது, “அதெல்லாம் சாஃப்ட்வேரே பார்த்துக்கும் சார்” என்று பதில் வந்தது. அவருடைய கார் தானாகத் திருத்திக்கொள்ளும் வகையாக இருந்தால் அது சரியான பதில். இல்லையென்றால், உயிரோடு விளையாடும் பதில். இரண்டில் எது என்பதைக் காகிதத்தில் எழுதித் தர அங்கு யாரும் முன்வரவில்லை. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதையே அத்தாட்சியாகக் காட்டினார்கள். கேமரா இயங்குகிறதா என்பதை அந்த விளக்கு சொல்லும். அது நேராகப் பார்க்கிறதா என்பதை எல்லாச் சமயத்திலும் சொல்லிவிடாது.

அதே இடத்தில் இன்னொரு வாசகமும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. “இது கரண்ட் வண்டி, வெளிக்கடையில் கை வைத்தால் பேட்டரி வாரண்டி போய்விடும்.” மின்சாரக் கார் உரிமையாளர்களைக் கட்டிப்போடுவதற்கு இதைவிடச் சுலபமான மந்திரம் கிடையாது. உயர் அழுத்தப் பேட்டரி காரின் அடித்தளத்தில் இருக்கிறது. அதன் கம்பிகள் ஆரஞ்சு நிற உறையில் தனியே செல்கின்றன. முன்கண்ணாடியை அறுத்து எடுத்துப் பொருத்தும் வேலையில் அவற்றை யாரும் தொடுவதே இல்லை. வைப்பர், மழை உணரி, கேமரா ஆகியவை இயங்குவது மற்றக் கார்களில் உள்ளதைப் போன்ற 12 வோல்ட் மின்சுற்றில். ஆகவே, மின்சாரத்தைக் காரணம் காட்டி வெளிக்கடைகளைத் தடுப்பதில் நியாயம் இல்லை. கேமராவைக் காரணம் காட்டித் தடுத்தால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், அந்த நியாயம் அடாஸ் உள்ள பெட்ரோல் காருக்கும் அப்படியே பொருந்தும். அதைத் தீர்க்கும் வழியும் தடுப்பது அல்ல.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் கண்ணாடி வேலை செய்பவர்களின் கைத்திறனை நான் நன்கு அறிவேன். சட்டத்தின் பெயிண்டில் கீறல் விழாமல் பழைய பசையை அறுத்தெடுப்பதில் அவர்களில் பலர் பெரிய சர்வீஸ் சென்டர் ஊழியர்களுக்கே பாடம் எடுக்கக்கூடியவர்கள். அந்தக் கீறல்தான் பின்னாளில் துருவாகி, மழைநீர் கசியும் வழியாகிறது. அவர்களிடம் இல்லாதது இலக்குப் பலகையும், நிறுவனத்தின் கணினிக் கருவியும், அந்தந்த மாடலுக்கான அளவுகளும்தான். இவற்றை வெளிப் பட்டறைகளுக்குத் தர மறுப்பது குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே தெளிவாகப் பேசியிருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் சுதந்திரமான பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த அந்த உத்தரவு, வெளிப் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. அபராதத்தை எதிர்த்த மேல்முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவாக இடம்பெற்றுள்ளன. இத்தனைக்குப் பிறகும் கண்ணாடிக் கடைக்காரர் காலிபரேஷனுக்காகக் காரைத் திரும்பவும் அதே டீலரிடம்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

எல்லாச் சேதத்துக்கும் கண்ணாடியை மாற்றத் தேவையில்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் கல்லடியை, ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலும் கேமராவுக்கு முன்னாலும் இல்லாத பட்சத்தில், ரெசின் செலுத்திப் புற ஊதா விளக்கில் இறுக வைத்தே சரிசெய்துவிடலாம். ஆனால், தூசும் நீரும் உள்ளே போவதற்குள் செய்ய வேண்டும். அதுவரை ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டி வைப்பது நல்லது. மின்சாரக் கார்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, வெயிலில் காய்ந்து நிற்கும் காரின் ஏ.சி.யை வீட்டிலிருந்தே செல்பேசியில் முடுக்கிவிடும் வசதி. கொதிக்கும் கண்ணாடியில் திடீரென்று குளிர்காற்று பட்டால், மிளகளவு இருந்த அடி ஒரு முழ நீள விரிசலாக ஓடிவிடும்.

இனி, காப்பீடு. சொந்தச் சேதக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கும் நிறுவனங்கள், கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. இது உரிமையாளருக்குச் சாதகமான, பலருக்கும் தெரியாத விதி. ஆனால், கண்ணாடிக்கென்று க்ளெய்ம் போட்டால், அதற்கான தனிச் சேர்க்கையை (ஆட்-ஆன்) பாலிசியில் எடுத்திருந்தாலொழிய, 20 முதல் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, பொதுவாகப் பறிபோகும் என்பதால் கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். காலிபரேஷன் ஒரு பாகம் அல்ல. அதனால் அந்தத் தேய்மானப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. பட்டியலில் இல்லாததை, காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பதில்லை. சர்வேயர் கேட்காததை சர்வீஸ் சென்டர் செய்வதில்லை. புதிய கண்ணாடியில் ஃபாஸ்டேக் இருக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழையதை உரித்து ஒட்டினால் அது வேலை செய்யாது. வங்கியில் மாற்று டேக் பெறாமல் பரனூர் சுங்கச்சாவடிக்குப் போனால் வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

என் கோரிக்கை இரண்டு தரப்பினரிடம். போக்குவரத்துத் துறை, அடாஸ் உள்ள எந்தக் காரிலும் முன்கண்ணாடி மாற்றப்பட்டால், ரசீதில் கண்ணாடியின் வகையையும், அதன் மூலையில் பொறித்திருக்கும் ஐ.எஸ். 2553 தரக் குறியீட்டையும், காலிபரேஷன் எந்த முறையில் எப்போது செய்யப்பட்டது அல்லது ஏன் தேவையில்லை என்பதையும் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், காலிபரேஷன் கட்டணத்தைக் கண்ணாடி மாற்றும் செலவின் பகுதியாகவே ஏற்க நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, காலிபரேஷனுக்கு முன்னும் பின்னும் கருவி தரும் அறிக்கையை க்ளெய்ம் ஆவணங்களோடு இணைக்கச் சொல்லலாம். உடைந்த கண்ணாடியின் புகைப்படம் இல்லாமல் இன்று எந்த சர்வேயரும் கோப்பை நகர்த்துவதில்லை. அந்தப் புகைப்படத்தோடு இந்த ஒரு தாளையும் கேட்கத் தொடங்கினால், அதைத் தயாரிக்கும் கருவியை டீலரும் வாங்குவார், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைக்காரரும் உரிமையோடு கேட்டுப் பெறுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் விரிவுரையாளர்,
மறைமலைநகர்.