ஹெட்லைட் பல்பு: கெல்வினை விட்டு லுமெனைக் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசி ரோடே தெரியவில்லை என்று வாசகர்கள் இந்தப் பகுதியில் அவ்வப்போது எழுதுகிறார்கள். அந்த விளக்கை மாட்டிக் கொடுப்பவர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மலை ஏறுவதற்கு முன் வண்டிகள் நின்று போகிற ஊர் என்பதால் ஹெட்லைட் வேலைக்குக் குறைவில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேர் "ஆறாயிரம் போட்டுருங்கண்ணா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எட்டாயிரம் கிடைத்தால் இன்னும் பிரகாசம் என்று நினைப்பு. அந்த எண் கெல்வின். அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்வதில்லை. மெழுகுவத்திச் சுடர் 1900 பக்கம், காரோடு வரும் சாதா ஹாலஜன் 3200 பக்கம், நடுப்பகல் வெயில் 5500 பக்கம். எண் ஏற ஏற மஞ்சள் போய் வெள்ளை வரும், அதற்கும் மேலே போனால் நீலம். எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்வது லுமென். பெட்டியில் கெல்வின் கொட்டை எழுத்தில் இருக்கும்; லுமென் எங்கேயாவது ஓரத்தில், சில பெட்டிகளில் அதுவும் கிடையாது.

'5000 கெல்வின் ஹாலஜன்' என்று ஒரு சரக்கு வருகிறது. ஹாலஜன் பல்புக்குள் எரிவது டங்ஸ்டன் கம்பி. கெல்வின் என்பது சூட்டின் அளவும்தான்; கம்பி எவ்வளவு சூடாகிறதோ ஏறக்குறைய அதுதான் அதன் வெளிச்சத்தின் எண். 3695 கெல்வினில் அது உருகியே விடும். அப்புறம் 5000 எங்கிருந்து வரும்? கண்ணாடி மேல் பூசிய நீலப் பூச்சிலிருந்துதான். மஞ்சளையும் சிவப்பையும் அந்தப் பூச்சு தடுத்துவிடுவதால் பார்க்க வெள்ளையாக இருக்கிறது. ஆனால் ரோட்டில் விழும் வெளிச்சம் குறைகிறது. அதை ஈடுகட்டக் கம்பியைக் கூடுதலாகச் சூடேற்றுவார்கள், ஆயுசும் குறையும். சாதா பல்பைவிட அதிகக் காசு வேறு.

கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வரும் கார்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த விளக்கின் லென்ஸ், ரிஃப்ளெக்டர் எல்லாமே எல்.இ.டி.க்காகவே செய்தவை. தொல்லை வருவது ஹாலஜனுக்குச் செய்த கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகும்போதுதான். பழைய எச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு கம்பி. டிம்முக்கான கம்பிக்குக் கீழே சின்னதாக ஒரு தகரக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் மறைப்பதால்தான் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு ரோட்டைப் பார்த்து இறங்குகிறது. கம்பி இருக்கிற இடம் கொஞ்சம் தள்ளினாலும் கணக்கு கெட்டுப் போகும். எல்.இ.டி. பல்பில் ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். கம்பி இருந்த அதே இடத்தில் அது உட்காராவிட்டால் டிம் போட்டாலும் வெளிச்சம் மேலே சிதறும். ஓட்டுகிறவருக்கோ பானெட்டுக்கு முன்னால் பளிச்சென்று இருப்பதால் ஒரே சந்தோஷம். பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண் சுருங்கிக்கொள்ளும், தூரத்தில் நடந்து வருகிற ஆள் தெரியமாட்டார் என்று சொன்னால், இவர் பழைய காலத்து ஆள் என்பது போலப் பார்க்கிறார்கள்.

பர்லியாறு தாண்டிக் குன்னூர் நெருங்க நெருங்கப் பனிமூட்டம் இறங்கும்போதுதான் வெள்ளை விளக்கின் வண்டவாளம் தெரியும். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று டிரைவர்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிட மிகவும் பெரியது. எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் கலந்த வெளிச்சம் திரும்பி வந்து அடிக்கும்போது கண் அதிகம் கூசுகிறது. மஞ்சளில் அந்தத் தொல்லை குறைவு. பிரான்ஸில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். மூட்டத்தில் உண்மையில் கைகொடுப்பது, தாழ்வாக மாட்டி அகலமாக அடிக்கும் ஃபாக் லாம்ப்தான். ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான்.

என் கடையில் பல்பைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்ப்பேன். முதலில் வெளிக் கண்ணாடி. வெயில் பட்டு அது மஞ்சளித்துப் போயிருந்தால் எந்தப் பல்பு போட்டும் பிரயோஜனம் இல்லை. தேய்த்துப் பாலிஷ் போட்டாலே பாதிக் குறை தீரும். இரண்டாவது, பல்பு செருகும் கப்ளரில் வருகிற வோல்ட். பழைய வண்டிகளில் மெல்லிய வயரும் சுவிட்சும் சேர்ந்து வோல்ட்டைத் தின்றுவிடும். பல்புக்கு வருகிற வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் ரிலே ஒன்று வைத்து நல்ல வயர் இழுத்தால், அதே 60/55 வாட் (ஹைபீமுக்கு 60, டிம்முக்கு 55) பல்பைப் பார்த்து "புதுசா மாத்திட்டீங்களா?" என்று கேட்பார்கள். இதைச் செய்யாமல் 100/90 வாட் போட்டவர்களின் கப்ளர், பழுப்பேறி உருகிப் பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று, ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு திருகு பல கார்களில் உண்டு. பின்னால் ஆளும் டிக்கியில் சாமானும் ஏறினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும், விளக்கும் மேலே பார்க்கும். எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். இது எதற்கு இருக்கிறது என்று தெரியாமலே காரை விற்றுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாடகை வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றின்போது விளக்கைப் பார்க்கிறார்கள். சொந்த வண்டிக்கு 15 வருடம் வரை அந்தப் பேச்சே இல்லை. ஆனால் புகைச் சான்றுக்குப் பெட்ரோல், டீசல் வண்டிகள் வந்துதான் ஆகவேண்டும். அங்கேயே டிம் வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்க்கப் போக்குவரத்துத் துறை ஏற்பாடு செய்யலாம். இதற்கு மெஷின்கூட வேண்டாம். சமதளமான இடமும், ஹெட்லைட் உயரத்தை அளந்து கோடு போட ஒரு சுவரும் போதும். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்கு மேலே போகிற வண்டியைச் சரி செய்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அப்படி அனுப்பினால் எங்களுக்கு வேலை கூடும்தான். ஒரு ஸ்குரூவைத் திருப்புகிற வேலை, அதற்குப் பெரிதாகக் கூலி யாரும் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
மேட்டுப்பாளையம்.