பாதியில் நிறுத்திய பேச்சு

அன்பு மகனுக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ பேசவில்லை. வேலை அதிகம் என்று அக்காவிடம் சொன்னாயாம், இருக்கலாம். ஆனால் கடைசியாகப் பேசியபோது, உன் அறையில் இருக்கும் அந்தப் பையன் "இனி பேசிப் பயனில்லை" என்று ஒரு தலைவரின் பெயரையும் ஒரு தேதியையும் சேர்த்துச் சொன்னதாகச் சொல்லிவிட்டு, நான் மேற்கொண்டு கேட்டதும் "ஒன்றுமில்லை அப்பா" என்று பேச்சை மாற்றிவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை.

அவனுடைய அரசியலைப் பற்றி நான் எழுதவில்லை. ஆட்சியில் இருப்பவர்களைத் திட்டுவது குற்றமல்ல; அதற்காக எவரையும் காட்டிக்கொடுக்காதே. ஆனால் கோபம் ஓர் ஆளையும் ஓர் இடத்தையும் ஒரு நாளையும் குறித்துக்கொண்டு, அதற்கான பொருள்களைத் தேடத் தொடங்கினால், அதை வெறும் பேச்சு என்று விட்டுவிட முடியாது. பெரியப்பா விஷயத்தில் எல்லோரும் வாய்மூடி இருந்தபோது, பதினைந்து வயதில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னவன் நீ. அந்தப் பிள்ளை இன்று என்னிடமே மறைக்கிறானே என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை வெடிகுண்டுகள் அனுப்பி 3 பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்திய தியோடர் கசின்ஸ்கியைக் காட்டிக்கொடுத்தது அவருடைய சொந்தத் தம்பி டேவிட். குண்டு அனுப்பியவர் பெயர் சொல்லாமல் எழுதி, 1995 செப்டம்பரில் நாளிதழில் வெளிவந்த நீண்ட அறிக்கையில், அண்ணன் தனக்கு எழுதிய பழைய கடிதங்களின் சொற்களை அவர் அடையாளம் கண்டுகொண்டார். முதலில் சந்தேகப்பட்டவர் டேவிட்டின் மனைவி. நெடுநாள் தவித்த பிறகு, டேவிட் ஒரு வழக்கறிஞர் வழியாகத் தகவல் சொன்னார். 1996 ஏப்ரலில் அண்ணன் கைதானார். அதே தம்பிதான் அண்ணனுக்கு மரண தண்டனை கூடாது என்று பிறகு போராடினார். சொல்லிவிட்டால் அந்தப் பையனைக் கைவிட்டதாகிவிடும் என்று நீ பயப்படுகிறாய் என்றே நினைக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதுவரை உன் அம்மாவிடமும் சொல்லாத ஒன்று உண்டு. கல்லூரி விடுதியில், என் அறை நண்பனின் புத்தகத்தில் ஒரு தாள் இருந்தது. பென்சிலால் வரைந்த மேடை, அதற்குப் போகும் வழி, ஓரத்தில் மாலை ஆறு மணி என்ற குறிப்பு. நான் முழுவதும் படித்தேன். பிறகு இருந்த மடிப்பிலேயே மடித்து, அதே பக்கத்தில் வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து அந்தக் கூட்டத்தில் வீசிய பெட்ரோல் குண்டில் ஒரு காவலருக்குக் கண் போயிற்று. என் நண்பன் சிறைக்குப் போனான், படிப்பும் போயிற்று. நான் வாய் திறந்திருந்தால் இருவருமே தப்பியிருப்பார்கள்.

ஆகவே சொல்கிறேன், மறுபடியும் சொல்கிறேன், நீயாகத் துப்பறியப் போகாதே, அவனிடம் வாதாடவும் வேண்டாம். கேட்டதை அவன் சொன்ன சொற்களிலேயே, நாளும் நேரமும் போட்டு எழுதிக்கொள். உன் ஊகத்தை அதில் கலக்காதே. அவன் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதே, வேறு யாருக்கும் அனுப்பவும் செய்யாதே. காவல்துறையிடம் நேரில் போகத் தயக்கமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போ. அந்தத் தேதி நெருங்கிவிட்டது என்றால் எவரையும் எதிர்பார்த்து நிற்காமல் உடனே அவசர எண்ணுக்குச் சொல்லிவிடு.

தனியாகப் போக மனம் வரவில்லை என்றால் சொல், நான் புறப்பட்டு வருகிறேன். இன்றிரவு எத்தனை மணியானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அப்பா